நான் கொடுத்தனுப்பிய கண் மருந்து

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பாப்பாவும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று எப்போதும்போல முதல் வரியிலேயே எழுதுகிறேன். ஆனால் இந்தத் தடவை அதை வழக்கத்துக்கு எழுதிய வரியாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதே, கேள்வியாகவே எடுத்துக்கொள். இங்கே நானும் உன் அக்காவும் மாப்பிள்ளையும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். மேலே போவதற்கு முன் என்னைப் பற்றி உலவுகிற இரண்டு கதைகளைத் திருத்திவிடுகிறேன். உன் அக்கா உனக்குப் போனில், "அம்மாவுக்கு வயசாயிடுச்சுடா, கண்ணுல புரை விழுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னா பிடிவாதம் பிடிக்கிறாங்க" என்று சொன்னாளாம். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா இன்னும் ஒரு படி மேலே போய், அப்பா போனதிலிருந்து நான் தலையணையில் முகம் புதைத்து அழுதழுது கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்று மாடிப்படியில் நின்று ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் உருகிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் புரை இல்லை. நான் அழவும் இல்லை, அப்பா போன அன்று அழுததோடு சரி. என் வலது கண்ணுக்கு வந்திருப்பது ஹெர்பிஸ். இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அக்காமேல் குற்றம் இல்லை. புரை என்று அவளிடம் சொல்லிவைத்தவள் நான்தான்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. போன மாதத்துக்கு முந்தின மாதக் கடைசியில் எனக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். காய்ச்சல் விட்டதும் உதட்டோரத்தில் அந்தக் கொப்புளம் வந்தது. உனக்கும் வருமே, நம் வீட்டில் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளினோமே, அதுதான். அது காய்வதற்குள் வலது கண் சிவந்து, மணல் விழுந்தது போல் உறுத்தியது. நான் என்ன செய்தேன் தெரியுமா, குளிர்பெட்டிக் கதவில் அப்பாவுடைய இரண்டாவது கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து இரண்டு பாட்டில் இருந்தது, ஒன்று பாதி, ஒன்று உடைக்காதது. பாதி இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது, உறுத்தலும் இல்லை. எனக்கு அப்படி ஒரு மெத்தனம். அந்த வாரம்தான் நீ போனில், வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் எரிகிறது, சிவந்து போகிறது என்றாய். அதற்கு மறுநாளே லீவில் வந்திருந்த உன் ஃபோர்மேன் கப்பல் பட்டறை வேலைக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தார். நான் உடைக்காத பாட்டிலை எடுத்து, "கண் சிவப்புக்கு, தினம் நான்கு வேளை, வேளைக்கு இரண்டு சொட்டு" என்று லேபிள் எழுதி ஒட்டி, பஞ்சில் சுற்றி, பாப்பாவுடைய கம்பளிச் சட்டைக்கு நடுவில் வைத்து அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

என் லேபிள் என்றால் இந்த வீட்டில் என்ன மதிப்பு என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் லேபிள் எழுதியவள் நான். கான்வென்டில் சிஸ்டர் என் விரல் முட்டியில் தட்டித் தட்டி வரவழைத்த எழுத்து, ஒரு எழுத்து சாய்ந்ததில்லை, ஒரு வேளை மாறியதில்லை. சர்க்கரை டப்பாவிலிருந்து ஃபியூஸ் கம்பி வரைக்கும் நான் ஒட்டிவைத்தால் நீங்கள் யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டீர்கள். அப்பா கேலி செய்வாரே, "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு, புருஷன், இன்னும் உபயோகத்துல இருக்குன்னு" என்று. ஆனால் அந்தக் கிடங்கில் ஒரு சட்டம் இருந்தது, அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை. டாக்டருடைய மருந்துச் சீட்டு பக்கத்தில் குத்தியிருந்தால்தான் லேபிளில் கை வைக்கலாம். என்ன மருந்து யாருக்கு என்று தீர்மானிக்கிறது நாங்கள் இல்லை, தீர்மானித்ததைத் தெளிவாக எழுதுவது மட்டும்தான் எங்கள் வேலை. என் ஆயுசிலேயே சீட்டு இல்லாமல் இன்னொருவருக்கு எழுதிய ஒரே மருந்து லேபிள் உனக்கு எழுதியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று மாப்பிள்ளை ஆறுதல் சொல்கிறார். யானை சறுக்கினால் அது மட்டுமா விழுகிறது, கீழே நிற்கிறவன் கதி என்ன?

அதற்குப் பிறகு என் கண் சிவப்பு நின்றபாடில்லை. மருந்தை விட்டால் சிவக்கும், போட்டால் தணியும், விட்டால் முன்னைவிட அதிகம் சிவக்கும். நானும் விடாமல் போட்டேன். ஒரு காலையில் எழுந்தபோது கண்ணாடியில் யாரோ வாயால் ஊதிவிட்டது போல வலது பக்கம் முழுவதும் மூடிக் கிடந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், ஊதினது கண்ணாடியில் இல்லை. அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாகத்தான். அங்கே இருப்பது ஒரு சின்ன வயது டாக்டரம்மா, உன் அக்காவைவிட இளையவள், பேச்சில் தாட்சண்யம் கிடையாது, எனக்குப் பிடித்தது. கண்ணில் ஏதோ மஞ்சள் சாயத்தைத் தொட்டுவைத்து நீல விளக்கை அடித்துப் பார்த்தார். கருவிழிமேல் மரம் கிளை விட்டது போலப் புண் ஓடியிருக்கிறது என்றார். ஹெர்பிஸ் என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு, "நான் அந்த மாதிரிப் பொம்பளை இல்லைங்க, ஒருத்தரைக் கட்டி அவரோடயே நாற்பத்தாறு வருஷம் இருந்தவ" என்று சொன்னேன். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். "உக்காருங்கம்மா, நீங்க நினைக்கிறது பால்வினை நோய், அது வேற. இது உதட்டுல கொப்புளம் வருதே அந்த வைரஸ். சின்ன வயசுலயே எச்சில்ல ஒட்டிக்கும், ஊர்ல பாதிப் பேருக்கு மேல இருக்கும். நரம்புக்குள்ள போய்த் தூங்கும், காய்ச்சல் வந்தா முழிச்சுக்கும். முக்காவாசிப் பேருக்கு உதட்டோட நின்னுடும், சில பேருக்குக் கண்ணுக்கு ஏறிடும்" என்றார். கொப்புளத்தைத் தொட்ட விரலால் கண்ணைத் தொட்டாலும் போகுமாம், யாரும் எதையும் தொடாமலே உள் நரம்பு வழியாகவும் போகுமாம். என்னுடையது எந்த வழியில் போனது என்று சொல்ல முடியாது என்றார்.

பிறகு என்ன மருந்து போட்டேன் என்று கேட்டார். கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அதிலும் எனக்கென்று அதே வாசகத்தில் லேபிள் ஒட்டியிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லேபிள் எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க, எந்த மருந்துக்கடைம்மா? இதை எழுதினவங்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கணும்" என்றார். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். "இந்தச் சொட்டு ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், நல்லாயிடுச்சுன்னே தோணும். ஆபரேஷனுக்கு அப்புறம் போட்டா நல்ல மருந்து. ஆனா ஹெர்பிஸ் இருக்கிற கண்ணுல இதைத் தனியாப் போட்டா, வீட்டைத் திறந்து போட்டுக் காவல்காரனையும் அனுப்பிவிட்ட மாதிரி. வீட்ல கிடக்கிற சொட்டைக் கண்ணுல ஊத்திக்கிட்டு வர்றவங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு" என்றார். இப்போது நாளைக்கு ஐந்து வேளை களிம்பும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். புண் ஆறிவருகிறது, தழும்பு போகாது. தூரத்துப் பலகையில் மேலே இருக்கிற ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் வலது கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்கு வெளியே போகிறது. திரும்பவும் வரலாம் என்கிறார். இதெல்லாம் என் விஷயம், இதற்காக நீ ஓடிவர வேண்டாம், நான் சமாளிப்பேன்.

நான் எழுத வேண்டியது இனிமேல்தான். அன்று ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே உன் பாட்டில் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெயரை என் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன் என்று ஒரு வெட்கம், நான் எழுதின லேபிள் தப்பு என்று சொல்ல அதைவிடப் பெரிய வெட்கம். அதனால், "அந்த மருந்து தேதி முடிஞ்சது, போடாதே" என்று மட்டும் சொன்னேன். நீ பாட்டிலை எடுத்துவந்து பார்த்துவிட்டு, "அம்மா, அடுத்த வருஷம் வரைக்கும் தேதி போட்டிருக்கு. உங்களுக்குத்தான் கண்ணு தெரியலை" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள், அது வெளியே தெரிந்ததும் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். உனக்கு வந்திருப்பது வெல்டிங் எரிச்சல்தானே, எனக்கு வந்தது வேறுதானே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மருந்து அனுப்பியது தெரியாமல் செய்த பிழை. இந்த மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்து செய்தது. அதற்குப் பெயர் பிழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உன் அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், "சின்னவனுக்கு வழக்கம்போல உதடு வெடிச்சிருக்காம், இடது கண்ணு மட்டும் சிவந்து தண்ணியா வடியுதாம், வெளிச்சத்தைப் பார்க்க முடியலையாம். வெல்டிங் வெளிச்சம்தான், அம்மா மருந்து போட்டா அடங்குதுன்னான்" என்று. கையில் இருந்த தட்டை நான் போடவில்லை, மெதுவாகத்தான் வைத்தேன். வெல்டிங் வெளிச்சம் அடித்தால் இரண்டு கண்ணும் அல்லவா சிவக்கும், ஒரு கண் மட்டும் எப்படிச் சிவக்கும்? உதட்டில் கொப்புளம், ஒரே கண்ணில் சிவப்பு, வெளிச்சம் கூசுவது, மருந்து போட்டால் தணிவது. என் கதையை அவள் எனக்கே ஒப்பிக்கிறாள். போன வருடம் நான் அங்கே வந்திருந்தபோது கப்பல் பட்டறை வாசலில் உனக்காகக் காத்திருந்தேனே, நீ வந்த வேகத்தில் கையுறையின் விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாய், அதே கையுறையின் பின்பக்கத்தால் கண்ணைத் தேய்த்தாய். அழுக்காயிற்றே என்று மட்டும்தான் அன்று திட்டினேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த ஒரு காட்சிதான் என் கண்ணுக்குள் நிற்கிறது, அது மட்டும் மங்காமல் தெரிகிறது.

நேற்று உன் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போன் செய்தேன். அந்தச் சொட்டை நிறுத்து, உடனே கண் டாக்டரிடம் போ என்றேன். நீ சுத்தியல் சத்தத்துக்கு நடுவில், "சரிம்மா, சனிக்கிழமை போறேன்ம்மா, வியாழக்கிழமை கப்பல் தண்ணியில இறங்கணும், இப்போ லீவு கேட்டா ஃபோர்மேன் என்னையே தட்டித் தகடாக்கிடுவாரு" என்றாய். ஏன் நிறுத்தணும் என்று கேட்டாய். டாக்டர் சொன்னார் என்றேன். "எந்த டாக்டர், உங்க புரை டாக்டரா?" என்றாய். தையல்காரம்மா ஊசி நூல் கோத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், நேற்றும் அந்தச் சொல் என் தொண்டையைத் தாண்டவில்லை. உன் "சரிம்மா" எனக்குத் தெரியும். பல் வலிக்கு டாக்டரைப் பார் என்றபோது சொன்ன அதே சரிம்மா, ஆறு மாதம் கழித்துத் தாடை வீங்கிப் பல்லைப் பிடுங்கிய சரிம்மா. அதனால் இன்று காலை அக்காவையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். உன் அக்கா திட்டவில்லை. "மூணு வாரமா, அம்மா? மூணு வாரமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். திட்டியிருக்கலாம். பஸ் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் எத்தனையோ பேரைத் திட்டுகிறவள். இன்று அவள் நோயின் பெயரைச் சொல்லியே உனக்குப் போன் செய்வாள், நீ எடுக்காவிட்டால் மருமகளுக்குச் செய்வாள். நான் இதை எழுதி விரைவுத் தபாலில் போடுகிறேன், ஏனென்றால் போனில் கேட்டதை நீ காற்றில் விட்டுவிடுவாய். என் கையெழுத்தை நம்பித்தானே அந்த மருந்தைக் கண்ணில் விட்டாய்? அதே கையெழுத்தில் சொல்கிறேன், இனி ஒரு சொட்டு விடாதே.

சனிக்கிழமை இல்லை, இந்தக் கடிதம் கையில் இருக்கும்போதே கிளம்பு. பாட்டிலை எறிந்துவிடாதே, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு, எத்தனை நாள், எத்தனை வேளை போட்டாய் என்று கூட்டாமல் குறைக்காமல் சொல். உதட்டுக் கொப்புளத்தைச் சொல். ஹெர்பிஸா என்று நீயே வாய்விட்டுக் கேள், உன் அம்மாவே சொல்லிவிட்டாள், உனக்கென்ன. லேபிள் யார் எழுதியது என்று கேட்டால் என் அம்மா என்று சொல். வேறு ஏதாவது சாதாரணச் சிவப்பாக இருந்தால் நான் மண்டியிட்டு நன்றி சொல்வேன், நீ என்னை ஆயுசுக்கும் கேலி செய்துகொள். பார்வைச் சோதனையில் தவறினால் வெல்டிங்கிலிருந்து எடுத்துத் துரு சுரண்டப் போட்டுவிடுவார்கள் என்று நீ பயப்படுகிறாய் என்று மருமகள் அக்காவிடம் சொன்னாளாம். துரு சுரண்டு. கண்ணை வைத்துக்கொண்டு சுரண்டு. கொப்புளம் இருக்கும்வரை பாப்பாவை முத்தமிடாதே, உன் துண்டை அவள் எடுக்கவிடாதே, கையை சோப்பு போட்டுக் கழுவாமல் அவள் முகத்தைத் தொடாதே. கையுறையைக் கையால் கழற்று, ஆண்டவன் இரண்டு கை கொடுத்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தை மருமகளிடமும் கொடு. அவளுக்கு ஒரு வார்த்தை. அம்மா, அந்தப் பெயரைக் கேட்டு நீ அவனைச் சந்தேகமாகப் பார்க்காதே. அவனுக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, வாய் முழுக்கப் புண், எட்டு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்போது எனக்கு உதட்டில் கொப்புளம் இருந்தது. ஸ்பூனை என் உதட்டில் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் அவனுக்கு ஊட்டுவேன், அவன் வாய் வெந்துவிடக் கூடாது என்று. டாக்டரம்மாவிடம் கேட்டேன், அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வந்திருக்கலாம் என்றார். அது என்னிடமிருந்து போனதாகவே வைத்துக்கொள். அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. முரண்டு பிடித்தால் நான் சொன்னேன் என்று இரண்டு போடு.

மற்றபடி வீட்டில் எழுதும்படி ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை ஒரு வாரமாக ஒரே கட்டடத்தில் ஒரே லிஃப்ட்டோடு மல்லுக்கு நிற்கிறார், அது நாலாவது மாடிக்குமேல் ஏறமாட்டேன் என்கிறதாம், மாமியார் பிடிவாதத்தைவிட மோசம் என்று என் காதுபடவே சொல்கிறார். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. மருந்துப் பெட்டியில் இருந்த பழைய பாட்டில்களை எல்லாம் இன்று அக்கா அள்ளிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. காலி அலமாரியைத் துடைத்து வைத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கண்ணுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று நான் கேட்காத வேளை இல்லை, கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம், தாய் வாயால் கேட்டால் பலிக்கும் என்பார்கள், பலிக்கட்டும். நீயும் உன் குடும்பமும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். என்மேல் கோபம் வந்தால் படு, ஆனால் முதலில் டாக்டரிடம் போய்விட்டு வந்து கோபப்படு.

போய் வந்ததும் எனக்குப் பதில் எழுது. போனில் சொன்னால் நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். டாக்டர் சாயம் தொட்டுப் பார்த்தாரா, கருவிழியில் என்ன தெரிந்தது, என்ன மருந்து கொடுத்தார், மறுபடி எப்போது வரச் சொன்னார் என்று எல்லாவற்றையும் காகிதத்தில் எழுது. மருமகளை எழுதவைக்காதே. வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்து, உன் கையாலேயே எழுது. வரிகள் நேராகப் போகின்றனவா என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா